போலி பாராதைராய்டு குறைபாடும் சி.டி. ஸ்கேனும்

போலி பாராதைராய்டு குறைபாடு என்பது அரிதாகக் காணப்படும் ஒரு ஹார்மோன் எதிர்ப்பு நோயாகும். இதில் பாராதைராய்டு ஹார்மோன் போதிய அளவு சுரக்கிறது. ஆனால் சிறுநீரகம் அதற்கு இணங்குவதில்லை. அதனால் இரத்தத்தில் கால்சியம் குறைகிறது, பாஸ்பேட் கூடுகிறது. கைவிரல்கள் இழுத்துக்கொள்வதும் வலிப்பு வருவதும் இதன் விளைவுகள்.

நோய் அறியப்பட்ட வரலாறு

அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1942இல் இந்நோயை விவரித்தனர். பாராதைராய்டு சாற்றை ஊசி வழியாகச் செலுத்தியும் நோயாளிகளிடம் எதிர்பார்த்த மாற்றம் ஏற்படவில்லை. எனவே குறை சுரப்பியில் இல்லை, ஹார்மோனை ஏற்கும் உறுப்பில் உள்ளது என்று அவர்கள் முடிவு செய்தனர். ஹார்மோன் எதிர்ப்பு என்ற கருத்து மருத்துவத்தில் வேரூன்றியது இவ்வாறுதான். இதற்குக் காரணமான ஜி.என்.ஏ.எஸ். மரபணுவின் பிழைகள் 1990இல் கண்டறியப்பட்டன.

இந்நோயாளிகள் பலருக்கு மூளையில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்க, மூளையில் அது படிவது முரணாகத் தோன்றலாம். நெடுங்காலம் உயர்ந்திருக்கும் பாஸ்பேட் கால்சியத்துடன் சேர்ந்து படிவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. சிறிய படிவுகள் சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரிவதில்லை.

சி.டி. ஸ்கேனும் சென்னையும்

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியால் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும், பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து உள்ளுருவை மீட்கும் கணக்கீட்டு முறையை வெளியிட்டனர். நிழல்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் படம் மங்கும். முதலில் ஒவ்வொரு நிழலையும் வடிகட்டிய பின் சேர்த்தால் தெளிவாகும். இன்றும் 'ராம்-லாக்' வடிகட்டி என்ற பெயரில் இது கற்பிக்கப்படுகிறது.

ராமச்சந்திரன் 1952 முதல் 1970 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பணியாற்றியவர். அடையாற்றுக்கு அருகிலுள்ள அவ்வளாகத்தில்தான் 1954இல் கோபிநாத் கர்தாவுடன் கொலாஜனின் மூவிழை அமைப்பை முன்வைத்தார்.

படம் சொல்வதும் சொல்லாததும்

சி.டி. படத்தில் மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா எனும் நரம்புத் திரள்களில், இருபுறமும் ஒத்த வெண்புள்ளிகளாகப் படிவு தெரியும். ஆயினும் படம் மட்டும் நோயைத் தீர்மானிக்காது. சுரப்பியே செயலிழந்த உண்மையான குறைபாட்டிலும் இதே தோற்றம் உண்டு. முதியோர் சிலரிடம் சிறு படிவுகள் நோயின்றியும் காணப்படும். கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையே வேறுபாட்டைக் காட்டும். ஹார்மோன் உண்மைக் குறைபாட்டில் தாழ்ந்தும் போலிக் குறைபாட்டில் உயர்ந்தும் இருக்கும்.

இப்பரிசோதனையைத் தவறவிட்டால் நோயாளி ஆண்டுக்கணக்கில் கால்-கை வலிப்புக்கு மட்டும் மருந்து உண்ண நேரிடும். ஃபெனிடாயின் போன்ற சில வலிப்பு மருந்துகள் வைட்டமின் டி சிதைவை விரைவுபடுத்திக் கால்சியத்தை மேலும் குறைக்கக்கூடும். கால்சியமும் கால்சிட்ரியாலும் முறையாகக் கொடுத்தால் இவ்வகை வலிப்பு பெரும்பாலும் கட்டுப்படும். வெண்புள்ளிகள் மறைவது அரிது. ஆனால் அவை காட்டிய வழியில் நோயை அறிய முடிகிறது.