சென்னையில் ஆராய்ச்சி மாணவன் தோன்றிய வரலாறு

பட்டம் பெற்ற இளைஞனுக்கும் சர்வகலாசாலைக்கும் இருந்த சம்பந்தம் பட்டமளிப்பு விழாவோடு முடிந்துபோவதே பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் வழக்கமாயிருந்தது. 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களோடு சென்னையிலும் சர்வகலாசாலை நிறுவப்பட்டபோது, அதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது அக்காலத்து லண்டன் சர்வகலாசாலை. அதாவது, தான் ஒருவருக்கும் பாடம் சொல்லாமல், கல்லூரிகளில் பயின்று வருவோரைப் பரீட்சித்துப் பட்டம் வழங்குவதே அதன் தொழில். சிஸம் என்னும் சிற்பி அமைத்த செனட் மண்டபம் 1879-இல் கடற்கரையோரம் கம்பீரமாக எழுந்து நின்ற பின்னரும், அதனுள்ளே பரீட்சைகளும் பட்டமளிப்பும் சபைக் கூட்டங்களும் நடந்தனவேயன்றி, புதிய அறிவைத் தேடும் முயற்சி எதுவும் நடைபெறவில்லை. எம்.ஏ. தேறியவர் வக்கீலாகவோ, சர்க்கார் உத்தியோகஸ்தராகவோ, உபாத்தியாயராகவோ ஆனார். ஒரு விஷயத்தைத் தாமே துருவி ஆராய வேண்டும் என்ற வேட்கை கொண்டவர், தம் கைப்பொருளையும் ஓய்வு நேரத்தையும் செலவிட்டே அதைச் செய்ய வேண்டியிருந்தது. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே சீவக சிந்தாமணியைப் பரிசோதித்து 1887-இல் அச்சிட்டார். கனகசபைப் பிள்ளை தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரைப் பற்றிய தம் ஆங்கில நூலை எழுதி 1904-இல் வெளியிட்டார். இவ்விரு பெருஞ்செயல்களும் சர்வகலாசாலைக்கு வெளியே, தனிமனிதரின் உழைப்பால் விளைந்தவை.

இதற்குள் மேல்நாட்டில் நிலைமை மாறியிருந்தது. ஜெர்மனியில் லீபிக் என்னும் ரசாயன சாஸ்திரி 1824 முதல் கீஸன் நகரில் மாணவர்களைத் தம் சோதனைச்சாலையில் வைத்துக்கொண்டு, சோதனை செய்யச் செய்தே அவர்களை ஆராய்ச்சியாளராக்கினார். பெர்லினில் ராங்கே என்னும் சரித்திராசிரியர், மூல பத்திரங்களை மாணவர் முன் விரித்து, அவற்றின் மெய்யையும் பொய்யையும் சோதிக்கும் முறையைக் கற்பித்தார். அமெரிக்காவில் 1876-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை இந்த ஜெர்மானிய முறையைத் தழுவியது. பழமையில் ஊறிய கேம்பிரிட்ஜ்கூட 1895-இல் பிற சர்வகலாசாலைகளில் பட்டம் பெற்றோரை ஆராய்ச்சி மாணவராக ஏற்றுக்கொள்ள இசைந்தது. இக்காற்று இந்தியாவையும் எட்டியது. கர்ஸன் பிரபுவின் காலத்தில் 1904-இல் இயற்றப்பட்ட இந்தியச் சர்வகலாசாலைகள் சட்டம், பேராசிரியர்களை நியமிக்கவும், நூலகமும் சோதனைச்சாலையும் அமைக்கவும், படிப்பையும் ஆராய்ச்சியையும் வளர்க்கவும் சர்வகலாசாலைகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆயினும் சட்டத்தில் எழுதப்பட்டது நடைமுறைக்கு வர, ஓர் இக்கட்டான சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. அச்சந்தர்ப்பத்தை உண்டாக்கியவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளம் வாங்கிய ஒரு குமாஸ்தா.

ஸ்ரீனிவாச ராமானுஜன் கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. பரீட்சையைத் தாண்ட முடியாமல் நின்றவர். அவர் கணக்கெழுதிய துறைமுகக் காரியாலயத்தின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும், மானேஜர் நாராயண ஐயரும் அவருடைய கணித மேதையை உணர்ந்திருந்தனர். 1913-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வானிலை இலாகாவின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது, ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார். வாக்கர் தாமே கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்றவர்; அவற்றைப் பார்த்த மாத்திரத்தில், இவ்விளைஞன் வயிற்றுப்பாட்டுக் கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே முழுக் கவனமும் செலுத்தச் சர்வகலாசாலை வழி செய்வது தகும் என்று பிப்ரவரி 26-ஆம் தேதி ரிஜிஸ்டிராருக்கு எழுதினார். கணிதப் பாடக்குழு மார்ச்சு 19-ஆம் தேதி கூடி, ராமானுஜனுக்கு இரண்டாண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளிக்கலாம் என்று சிபாரிசு செய்தது.

சிபாரிசு சிண்டிகேட் சபைக்கு வந்தபோதுதான் தடை எழுந்தது. ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றவர்க்கே உரியது என்பது விதி. எந்தப் பட்டமும் இல்லாத ஒருவருக்கு அதை எவ்வாறு அளிப்பது என்று சிலர் கேட்டது அநியாயமான கேள்வியன்று. அப்போது நீதிபதி பி. ஆர். சுந்தரமையர், ஆராய்ச்சியை வளர்ப்பது சர்வகலாசாலையின் கடமைகளுள் ஒன்றென்று சட்டத்தின் முகவுரையே கூறுவதை எடுத்துக்காட்டினார். ஆராய்ச்சிக்காக ஏற்பட்ட விதி, ஆராய்ச்சி செய்யவல்ல ஒருவனைத் தடுப்பதற்குக் கருவியாகலாகாது என்ற அந்த வாதம் வென்றது. ஏப்ரல் மாதத்தில் உத்தரவு பிறந்தது. மே மாதம் முதல் தேதியிலிருந்து ராமானுஜன் குமாஸ்தா வேலையிலிருந்து விடுப்புப் பெற்றுச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி மாணவரானார்.

இந்த ஏற்பாட்டின் நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். வகுப்புக்கு வர வேண்டும் என்றோ, பரீட்சை எழுத வேண்டும் என்றோ அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தாம் செய்த வேலையைப் பற்றி ஓர் அறிக்கை தர வேண்டும் என்பது ஒன்றே அவர்மேல் சுமத்தப்பட்ட கடமை. 1913 ஆகஸ்டிலும் நவம்பரிலும், 1914 மார்ச்சிலுமாக அவர் அளித்த மூன்று அறிக்கைகளில், வரையறுத்த தொகையீடுகளைக் காண்பதற்கு அவர் கண்ட வழிகள் அடங்கியிருந்தன. பிற்காலக் கணித அறிஞர்கள் அவருடைய பெயரிலேயே வழங்கும் தேற்றமொன்று அவற்றில்தான் இடம்பெற்றிருக்கிறது. இதற்கிடையே கேம்பிரிட்ஜிலிருந்து சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்பார், அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டியின் விருப்பப்படி அவரை இங்கிலாந்துக்கு வர இசைவித்தார். சர்வகலாசாலை மீண்டும் தயங்காமல் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளமும், பிரயாணச் செலவும், ஆடைச் செலவும் தர முன்வந்தது. அத்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்திலிருந்த குடும்பத்துக்குச் செல்ல ஏற்பாடாயிற்று. 1914 மார்ச்சு 17-ஆம் தேதி அவர் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் 1916-இல் ஆராய்ச்சிக்காகவே அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது, சென்னையின் பரீட்சைகள் தர மறுத்ததைச் சென்னையின் உபகாரச் சம்பளம் பெற்றுத் தந்தது.

ராமானுஜனுக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை என்று சொல்லத் துணியலாம். ஆனால் எல்லா மாணவரும் ராமானுஜன்கள் அல்லர். சாதாரணத் திறமையும் அசாதாரண உழைப்பும் உடைய மாணவனுக்குப் பணத்தோடு பயிற்சியும் வேண்டும். அதனை அளிக்கும் முயற்சி, சர்வகலாசாலை தானே பேராசிரியர்களை நியமிக்கத் தொடங்கியபோது ஆரம்பமாயிற்று. 1914-இல் இந்திய சரித்திரத்துக்கும் புதைபொருளியலுக்கும் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பேராசிரியரானார். கல்வெட்டு இலாகா 1880-களிலிருந்து படியெடுத்துக் குவித்து வைத்திருந்த சாசனங்கள், வாசிப்பாரின்றிக் கிடந்த காலம் அது. அவருடைய ஆராய்ச்சி மாணவர்கள் சாசனம், இலக்கியம், அந்நியர் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி உண்மை காணும் முறையை அவரிடம் கற்றனர். ஆர். சத்தியநாதையர் எழுதிய மதுரை நாயக்கர் சரித்திரம் 1924-இலும், ஆர். கோபாலன் எழுதிய காஞ்சிப் பல்லவர் சரித்திரம் 1928-இலும் சர்வகலாசாலையின் வெளியீடுகளாக வந்தன. மாணவனின் கையெழுத்துப் பிரதியை ஆசிரியர் திருத்தி, முன்னுரையும் குறிப்பும் சேர்த்து, நூலாக உலகுக்கு அளிக்கும் வழக்கம் இவ்வாறு நிலைபெற்றது.

பொருளியலில் வேறொரு வழி திறந்தது. 1915-இல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இந்நாட்டின் பொருளாதாரத்தை ஆங்கிலப் பாடநூல்களிலிருந்து கற்க இயலாது என்று கண்டு, மாணவர்களை விடுமுறையில் தத்தம் கிராமங்களுக்கே அனுப்பினார். எத்தனை குடும்பங்கள், யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் என்ன, உணவு என்ன என்று வினாப்பட்டியலொன்றைக் கையில் கொடுத்து, விடையை வீடு வீடாகக் கேட்டு எழுதி வரச் செய்தார். இராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலி ஜில்லா கங்கைகொண்டான், தஞ்சாவூர் ஜில்லா பாலக்குறிச்சி, தென்னார்க்காடு இருவேல்பட்டு, வடவார்க்காடு தூசி முதலிய ஊர்களைப் பற்றி மாணவர் எழுதி வந்த விவரங்கள் 1918-இல் நூலாயின. தன் ஊரை அறிந்தவனாகத் தன்னை எண்ணியிருந்த மாணவன், கேட்டு எழுதும்போதுதான் தான் அறியாதது எவ்வளவு என்பதை உணர்ந்தான். பயிற்சி என்பது அதுவே. பின்னர்ப் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறுமுறை ஆராயச் செய்து 1940-இல் மற்றொரு நூல் வெளியிட்டனர். அதன் பின்னும் தலைமுறைக்குத் தலைமுறை ஆராய்ச்சியாளர் அக்கிராமங்களுக்குச் சென்று வந்திருக்கிறார்கள். மாணவரின் விடுமுறை வேலையொன்று நாட்டின் பொருளாதார வரலாற்றுக்கு ஆதாரமாகிவிட்டது.

வழிகாட்டி இருந்தும் நூல் கிடைக்காவிடில் ஆராய்ச்சி நொண்டும். 1924-இல் எஸ். ஆர். ரங்கநாதன் சர்வகலாசாலையின் நூலகராக நியமிக்கப்பட்டபோது, நூலகம் எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தின் கட்டடத்தில் ஒதுங்கியிருந்தது. கணித ஆசிரியராயிருந்த அவர், புத்தகம் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பதைத் தம் முதல் விதியாகக் கொண்டு, வாசகரை அலமாரிகளுக்கு அருகே செல்லவிட்டார்; வேண்டிய நூலைத் தேடித் தர உதவுவோரை நியமித்தார். 1936-இல் சேப்பாக்கத்தில் நூலகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. ஆராய்ச்சி மாணவனுக்குக் கிடைத்த உதவிகளுள் இதைவிட அமைதியானதும் இதைவிடப் பெரியதும் இல்லை.

பணம், வழிகாட்டி, நூலகம் என்னும் மூன்றும் ஓரிடத்தில் கூடியதன் பயனை 1930-களில் காண்கிறோம். கணிதத்தில் ஆனந்தராவின் கீழ் ஆராய்ச்சி மாணவராயிருந்த செங்கோட்டைப் பக்கத்து எஸ். எஸ். பிள்ளை, பின்னர் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தபோது, வேரிங் கணக்கு என்னும் பழம்பெரும் புதிருக்கு 1936-இல் விடை கண்டு உலகப் புகழ் பெற்றார். சரித்திரத் துறையில் 1929-இல் கிருஷ்ணசாமி ஐயங்காரின் இடத்துக்கு வந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், சோழர் வரலாற்றைத் தாம் எழுதிக்கொண்டே மாணவர்களையும் உருவாக்கினார். அவர்களுள் சி. மீனாட்சி, பல்லவர் காலத்து ஆட்சிமுறையையும் சமுதாய வாழ்க்கையையும் பற்றிய ஆய்வேட்டுக்காக 1936-இல் டாக்டர் பட்டம் பெற்றார். சென்னைச் சர்வகலாசாலையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அந்த ஏடு 1938-இல் நூலாகியது. காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் சிற்ப வரிசையில் பல்லவ வம்ச சரித்திரமே செதுக்கப்பட்டிருப்பதை அவர் படம் படமாக ஆராய்ந்து எழுதிய நூல், 1940-இல் இளவயதிலேயே அவர் காலமான பிறகு, மறு ஆண்டில் வெளிவந்தது.

சுதந்திரத்துக்குப் பிந்திய கதை விரிந்தது. ஆயினும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942-இல் தோன்றிய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகமும், 1953-இல் தொடங்கிய பல்கலைக்கழக மானியக் குழுவும் உபகாரச் சம்பளத்தைத் தேசிய அளவில் பரப்பின. 1989 முதல் தேசியத் தகுதித் தேர்வு நடக்கிறது. 2009-இல் வந்த விதிகள் ஆராய்ச்சி மாணவர் ஒரு பருவமேனும் முறையான பாடப் பயிற்சி பெறுவதைக் கட்டாயமாக்கின. இடையில் நுழைந்து நெடுங்காலம் நிலவிய எம்.ஃபில். பட்டம் 2022-இன் விதிகளோடு விடைபெற்றது. ஆராய்ச்சி மாணவர் தொகை பெருகியிருக்கிறது, விதிகளும் பெருகியிருக்கின்றன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மாணவனுக்குக் கவலையற்ற காலத்தை அளிக்கும் பணம், குறை கண்டு திருத்தும் ஆசிரியர், கைக்கெட்டும் நூல்கள், செய்ததை உலகுக்குக் காட்டும் வெளியீடு ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில்தான் ஆராய்ச்சி வளர்ந்தது. இவற்றுள் ஒன்று குறைந்த இடத்தில் பட்டம் மட்டுமே வளர்ந்தது. உபகாரச் சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாக வருவதும், ஒரே வழிகாட்டியின் கீழ் அவர் கவனிக்க முடியாத அளவுக்கு மாணவர் குவிவதும், ஏற்கப்பட்ட ஆய்வேடு அச்சேறாமல் அலமாரியில் கிடப்பதும் இன்று சாதாரணமாகிவிட்டன. சட்டத்தின் சொல்லைவிட அதன் நோக்கம் பெரிதென்று 1913-இல் ஒரு சபை உணர்ந்ததனால் நாம் ஒரு ராமானுஜனைப் பெற்றோம். விதிகளை இயற்றுவோரும் அவற்றை நடத்துவோரும் ஒவ்வொரு விதிக்கும் முன்னால், இது ஆராய்ச்சியை வளர்க்குமா என்ற அந்தப் பழைய கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது கடமையாகும்.