கான்சல் எழுதிய புதுச்சேரி: தூதரக அறிக்கைகளின் ஒரு நூற்றாண்டு

புதுச்சேரி நகரின் மேற்கே உழவர்கரையை ஒட்டி இருக்கிறது கதிர்காமம். இலங்கைத் திருத்தலத்தின் பெயர்தான் இதற்கும். இன்று அரசு மருத்துவக் கல்லூரியால் அறியப்படும் இந்த ஊர், பிரெஞ்சு ஆட்சியில் உழவர்கரை கொம்யூனைச் (நகராட்சிப் பிரிவைச்) சேர்ந்தது. பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. சில இடங்களில் வரப்பைத் தாண்டினால் வேறு சட்டம், வேறு போலீஸ். அதனால் இங்கே எழுந்த பூசல்கள் ஊரோடு முடிந்துவிடவில்லை. அவற்றை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப அண்டை அரசின் கான்சல் (தூதரக அதிகாரி) ஒருவர் இருந்தார்.

அந்த எழுத்தை இன்று எப்படிப் படிப்பது? கான்சல் கண்ணால் கண்ட சாட்சி மட்டுமல்ல, தன் அரசின் வழக்கை நடத்துபவரும்கூட. இந்த இரட்டை வேடம் புதுச்சேரியில் எப்படி உருக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வானும் மூஷும்

புதுச்சேரிக்கு வருமுன் ஓர் ஒப்பீடு. தூதரக அறிக்கை அரசியல் ஆயுதமாக மாறியதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உதுமானியப் பேரரசின் கிழக்கு மாகாணங்கள். குர்து, செர்க்காசியர் தாக்குதல்களிலிருந்து ஆர்மீனியர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதாக 1878-இல் பெர்லின் உடன்படிக்கையின் 61-ஆம் பிரிவில் சுல்தான் அரசு ஒப்புக்கொண்டது. அதைக் கவனிக்க பிரிட்டன் அனத்தோலியாவுக்கு ராணுவ கான்சல்களை அனுப்பியது. ஆர்மீனிய உழவர்கள் அரசுக்கு வரி கட்டியதோடு குர்துத் தலைவர்களுக்கும் தண்டம் அழ வேண்டியிருந்ததை இவர்கள் பதிவு செய்தார்கள்.

1894-இல் சாசூனில் ஆர்மீனியர் படுகொலை நடந்தது. வான் நகரின் பிரிட்டிஷ் துணை கான்சல் ஹால்வர்டு விசாரிக்கப் புறப்பட்டார். சாசூன் ஊர்களுக்குள் நுழைய அதிகாரிகள் அவரை விடவில்லை. வெளியே இருந்தபடி காதில் விழுந்ததைத் திரட்டி அவர் எழுதியதே லண்டனை உலுக்கியது. ஆர்மீனியர்களைத் தூண்டிவிட்டவரே அவர்தான் என்று உதுமானிய அரசு திருப்பிக் குற்றம் சாட்டியது. அடுத்த ஆண்டு மூஷ் நகரில் கூடிய விசாரணைக் குழுவுடன் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றின் தூதரகப் பிரதிநிதிகளும் அமர்ந்தார்கள்.

ஊருக்குள் போக முடியாத கான்சல், அவர்மீது எதிர்க்குற்றச்சாட்டு, பிறகு வெளியிலிருந்து ஒரு விசாரணை. இந்த மூன்றில் பின்னிரண்டும் புதுச்சேரிக் கதையிலும் வருகின்றன.

கப்பலேறியவர்களும் அடைக்கலம் புகுந்தவர்களும்

புதுச்சேரியில் பிரிட்டிஷ் தூதரகக் கண்காணிப்பு வலுப்பெற்றதற்குக் காரணம் கூலி ஆட்கள். 1860, 1861 ஒப்பந்தங்களின்படி பிரிட்டிஷ் இந்தியக் குடிமக்களைத் தன் காலனிகளுக்கு வேலைக்கு அழைத்துச் செல்லும் உரிமை பிரான்சுக்குக் கிடைத்தது. கப்பலேற்றத்தைக் கவனிக்கப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரிட்டிஷ் தூதரக முகவர்கள் இருந்தார்கள். மறுகரையில், ரியூனியன் தீவின் பிரிட்டிஷ் கான்சல் அனுப்பிய புகார்கள் குவிந்தன. அதன் விளைவாக 1877-இல் கோல்ட்ஸ்மிட், மியோ இருவரையும் கொண்ட பிரிட்டிஷ்-பிரெஞ்சுக் கூட்டு விசாரணை நடந்தது. 1882-இல் ரியூனியனுக்கு ஆள் அனுப்புவதையே பிரிட்டிஷ் இந்தியா நிறுத்தியது. கரும்புத் தோட்டத்தில் வாடிய தமிழருக்குத் தூதரக எழுத்து உண்மையாகவே துணை நின்ற காலம் அது.

அடுத்த தலைமுறையில் அந்தக் கண் வேறு பக்கம் திரும்பியது. 1908-இல் பாரதியும், 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் பிரிட்டிஷ் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டதும் பிரிட்டிஷ் உளவுப் போலீசார் பிரெஞ்சு நகரத்தில் மொய்த்தார்கள்.

ஐயர் வீட்டுக் கிணற்று நிகழ்ச்சி இங்கே நினைவுகூரத்தக்கது. தண்ணீர் சேந்தும்போது ஒரு பாத்திரம் மேலே வந்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டறிக்கைகள். யாரோ திட்டமிட்டுப் போட்டவை. ஒளிக்காமல் அது பிரெஞ்சுப் போலீசிடமே ஒப்படைக்கப்பட்டது. பிறகு அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்த பிரெஞ்சு நீதிபதி அங்கே கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு வியந்து மரியாதையோடு திரும்பினார். அந்தப் பாத்திரம் சத்தமில்லாமல் போலீஸ் கையில் சிக்கியிருந்தால், பொய்ச் சான்றே அரசாங்கக் கோப்பில் வரலாறாக உறைந்திருக்கும்.

டெல்லியின் கான்சல்

1947-க்குப் பிறகு காட்சி தலைகீழானது. சுதந்திர இந்தியா புதுச்சேரியில் தன் கான்சல் ஜெனரலை அமர்த்தியது. தொடக்க ஆண்டுகளில் அப்பொறுப்பில் இருந்தவர் ரஷீத் அலி பெய்க். நகரம் கொதித்துக்கொண்டிருந்தது. 1947 ஆகஸ்ட் 15 மாலையில் அரவிந்தர் ஆசிரமம் தாக்கப்பட்டு ஆசிரமவாசி ஒருவர் உயிரிழந்தார். மக்களே தங்கள் எதிர்காலத்தை முடிவு செய்யலாம் என்று 1948 ஜூனில் இரு அரசுகளும் அறிவித்தன. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் எதுவார் குபேரின் பிரெஞ்சுச் சார்புள்ள பிரெஞ்சிந்திய சோசலிஸ்ட் கட்சி புதுச்சேரிக் கொம்யூன்களைக் கைப்பற்றியது. இந்தியாவுடன் இணைப்புக் கோரியவர்கள் அடிபட்டார்கள். 1950 ஜனவரியில் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவின் வீடு கொளுத்தப்பட்டது.

இந்த ஆண்டுகளில் ஒரே சம்பவம் இரண்டு கதைகளாகத் தலைநகரங்களுக்குப் போனது. அடியாட்களை வைத்து இணைப்பு இயக்கத்தை நசுக்குகிறார்கள் என்று டெல்லி கண்டித்தது. 1949-இல் சுங்க உடன்பாடு முடிந்தபின் எல்லையைச் சுற்றி எழுந்த சாவடிகளைச் சுட்டி, இந்தியாவே மக்களின் கழுத்தை நெரிக்கிறது என்றது பாரிஸ். இரண்டிலும் உண்மை இருந்தது. உழவர்கரையில் குடியிருந்த ஒருவருக்கு ஊருக்குள் அடியாள் பயம். எல்லையைத் தாண்டப் புறப்பட்டால் சுங்கச் சோதனை, பர்மிட். இவ்விரண்டையும் ஒருசேரச் சுமந்தவர் அவர் ஒருவரே.

1951-இல் நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்து, சுதந்திரமான வாக்கெடுப்புக்கு உரிய சூழல் அங்கே இல்லை என்று அறிக்கை தந்தார்கள். மூஷில் 1895-இல் அமர்ந்தவர்கள் வல்லரசுகளின் ஆட்கள். இவர்கள் வழக்கில் பங்கில்லாதவர்கள். அவ்வகையில் 1951 அறிக்கை, இரு தரப்புக் கோப்புகளையும் உரசிப் பார்க்க ஆய்வாளருக்குக் கிடைக்கும் அரிய உரைகல்.

கோப்பில் அடங்காதது

1954 மார்ச்சில் குபேரே அணி மாறினார். மற்றொரு தலைவரான முத்துக்குமரப்ப ரெட்டியாரும் அவரும் முன்னிற்க, கொம்யூன்கள் இணைப்புத் தீர்மானம் போட்டன. நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு எழுந்தது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 உறுப்பினர்களில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் வாக்குறுதி தரப்பட்ட பொது வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. அன்று வாக்களித்தவர்கள் மக்கள் பிரதிநிதிகள். கதிர்காமத்தின் வண்டிக்காரருக்கோ, ஆலைத் தொழிலாளிக்கோ நேரடியாக ஒரு வாக்குச்சீட்டு கிடைக்கவில்லை. இணைப்பை வேண்டி அடிபட்ட ஆயிரமாயிரம் பேரின் விருப்பத்தை இது சிறிதும் குறைப்பதில்லை. ஆனால் அவர்கள் சொல் அதிகாரிகளின் எழுத்து வழியாகவே பெரும்பாலும் நமக்கு வந்து சேர்கிறது. பஞ்சாலைகளின் சங்கப் பதிவுகளும், கொம்யூன் தீர்மானப் புத்தகங்களும், முதியோர் நினைவுகளும் தூதரகக் கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கப்பட வேண்டியது அதனால்தான்.

1954 நவம்பர் 1 அன்று அதிகாரம் கைமாறியது. இந்தியாவின் சார்பில் பொறுப்பேற்றவர் கேவல் சிங். அதுவரை அவர் புதுச்சேரியில் இந்தியக் கான்சல் ஜெனரல். அன்றுமுதல் தலைமை ஆணையர். பிறர் ஆண்ட ஊரைப் பற்றி டெல்லிக்கு எழுதிவந்தவர் அந்த ஊரையே ஆள வந்தார். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு உடன்படிக்கை சட்டப்படி நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்குக் கடற்கரைப் பக்கத்தில் இன்னொரு கான்சல் அலுவலகம் இருந்தது. இம்முறை அது பிரான்சினுடையது.