பியூஸ்: ஒரு மெல்லிய கம்பியின் வரலாறு

1847-இல் பாரிசைச் சேர்ந்த லூயி பிரெகே, தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க ஒரு வழி சொன்னார்: இணைப்பின் இடையில் மெல்லிய கம்பி ஒன்றைச் சேர்க்க வேண்டும். கம்பி உருகிப்போகும், கருவி தப்பிக்கும். 1890-இல் எடிசன் தம்முடைய பியூஸ் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த கம்பி உருகும்போது தீப்பொறி சிதறியது. அதனால் கம்பியைக் குழாய்க்குள் அடைத்தார்கள். பிறகு மணலும் நிரப்பினார்கள். மணல் பொறியின் சூட்டை வாங்கி அதை அணைத்துவிடும். மின்சுற்று வரைபடத்தில் பியூஸுக்கான குறியும் நடுவில் கோடு ஓடும் நீள்சதுரம்தான்; குழாய்க்குள் கம்பி போலவே.

ஆனால் அந்தக் குறி எல்லாவற்றையும் சொல்லாது. நம் வீட்டு 230 வோல்ட் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். அப்போது பொறி எளிதில் அணையும். ஆரோவில் கூரைகளில் உள்ள சோலார் பேனல்கள் தருவதோ டிசி. அதற்கு அந்த இடைவெளி இல்லை. 250 வோல்ட் ஏசிக்கான கண்ணாடி பியூஸை 400 வோல்ட் டிசியில் போட்டால், கம்பி உருகிய பிறகும் பொறி எரிந்துகொண்டே இருக்கலாம். வீடு தீப்பற்ற அது போதும்.

எனவே பியூஸ் மாற்றும்போதும், பொழுதுபோக்காகச் சர்க்யூட் கட்டும்போதும், ஆம்பியரோடு வோல்ட் அளவையும், ஏசியா டிசியா என்பதையும் பாருங்கள். பியூஸ் போனால் தடித்த கம்பி சுற்றாதீர்கள். மரக்காணம் பக்கத்து உப்புக் காற்றில் பச்சை பூத்த ஹோல்டர்களையும் மின்பணியாளரைக் கொண்டு மாற்றிவிடுங்கள்.