பதினான்கு காரட்டும் பத்தரை மாற்றும்

நான் சிறுவனாயிருந்த காலத்தில் பூவிருந்தவல்லிக் கடைத்தெருவில் ஒரு பொற்கொல்லரின் பட்டறை இருந்தது. என் பாட்டி தம் சங்கிலியை அவரிடம் காட்டியது நினைவிருக்கிறது. அவர் அதனை உரைகல்லில் இழைத்தார். அருகே மாற்றறிந்த ஆணி ஒன்றையும் இழைத்து, இரு கோடுகளையும் ஒப்புநோக்கி, "ஒன்பதரை மாற்று அம்மா" என்றார்.

பத்தரை மாற்று என்பது கலப்பற்ற பொன். இன்றைய கணக்கில் 24 காரட். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் பொன்னை நிறுத்ததைக் கூறுவதோடு, 'தண்டவாணி' என்னும் அளவுப் பொன்னோடு ஒப்பிட்டு மாற்றையும் குறிக்கின்றன. எடை மட்டும் போதாது என்பதை அக்காலத்தவர் நன்கறிந்திருந்தனர்.

கலப்பற்ற பொன் மிக மென்மையானது. ஆதலின் நகைக்குப் பிற உலோகம் சேர்த்தல் வேண்டும். செம்பு மிகுந்தால் பொன் சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறிப் பசுமை தட்டும். பல்லேடியம் அல்லது நிக்கல் சேர்ந்தால் வெண்மை பெறும். சிவந்த பொன்னே சிறந்த பொன் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அது சரியன்று, அச்சிவப்பு செம்பின் சிவப்பாகவும் இருக்கலாம்!

1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி அருகிற்று. கள்ளக் கடத்தலோ பெருகிற்று. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராயிருந்தபோது, தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிய நகை 14 காரட்டுக்கு மேற்படலாகாது என்பது ஆணை. அதாவது, நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பங்கே பொன். மக்கள் பொன்னாசையைக் குறைப்பர் என்று அரசாங்கம் கருதியது. ஆனால் நம் குடும்பங்களில் நகை அணிகலன் மட்டுமன்று, ஆபத்துக்கு அடகு வைக்கும் சேமிப்புமாகும். எனவே 14 காரட்டை வாங்குவார் அரியர். நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

எங்கள் ஊர்ப் பட்டறையும் மூடிக் கிடந்தது. அவ்வாண்டு மே மாதம் என் அத்தைக்குத் திருமணம். பாட்டி அந்தச் சங்கிலியைக் கழற்றி, அழிக்காமலும் மாற்றாமலும், அத்தையின் கழுத்தில் அப்படியே இட்டார். பொற்கொல்லரின் மகன், அரம் பிடித்துப் பழகிய கையோடு, அம்பத்தூர்த் தொழிற்சாலையொன்றில் பிட்டர் வேலைக்குச் சென்றான்.

14 காரட் வரம்பு 1966இல் நீங்கிற்று. முதியவர் பட்டறையைத் திறந்தார், மகன் திரும்பவில்லை. 1968இல் தனிச் சட்டமாகவே ஆக்கப்பட்ட தங்கக் கட்டுப்பாடு 1990இல் நீக்கப்பட்டது. ஹால்மார்க் முத்திரை 2000இல் தோன்றி, 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. நகையில் 916 என்றிருந்தால் 22 காரட்; 750 என்றால் 18 காரட். ஆயிரத்தில் அத்தனை பங்கு பொன் என்று பொருள். உடன் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியீடும் இருத்தல் வேண்டும். நகை வாங்குவோர் நிறத்தை நோக்குமுன் இவற்றை நோக்குக.

அத்தையின் சங்கிலியில் முத்திரை ஏதுமில்லை. அண்மையில் அதனைக் கருவியில் வைத்துச் சோதித்தோம். நூற்றுக்குத் தொண்ணூறரைப் பங்கு பொன் என்று காட்டிற்று. ஒன்பதரையைப் பத்தரையால் வகுத்துப் பாருங்கள்.