ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும் கொட்டியாரக் குடாக்கரையும்

ஈழத்து இசை வரலாற்றை எழுதப் புகுந்தோர் நாதசுரத்தையும் தவிலையும் விரித்துரைப்பர். கூத்துப் பாடலையும் ஓரளவு எடுத்துக் கூறுவர். கித்தாரைத் தோளில் மாட்டிநின்று, தாமே கட்டிய பாட்டைத் தம் ஊர்ப் பேச்சிலே பாடிய இளைஞரைப் பற்றி அவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பொப்பிசை பிறநாட்டுச் சரக்கு, அதற்கு வரலாறு எதற்கு என்பது அவர்தம் கருத்துப் போலும். ஆயின் தென்னிந்தியச் சினிமாவின் நிழலில் நில்லாது, தம் சொல்லையே முதலாகக் கொண்டு ஈழத்துத் தமிழர் நாடெங்கும் பரப்பிய வெகுசன இசை அதனைப்போற் பிறிதொன்றில்லை. இதனைப் புறக்கணித்தல் அறிஞர்க்கு அழகன்று.

அவ்விசையின் தாளம் வந்த வழியை நோக்கின், அது கொட்டியாரக் குடாவின் கரைக்கே நம்மை அழைத்துச் செல்லும். அக்குடாவின் தென்கரையில் மூதூரும் சம்பூரும், எதிர்க்கரையில் திருகோணமலை நகரும் துறைமுகமும் அமைந்துள்ளன. 1620களிற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களாலே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், 1639இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போயினும் அவர் வழிவந்த பறங்கியர் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தங்கினர். வயலினும் மந்தலினும் கொண்டு கப்பிரிஞ்ஞா, பைலா என்னும் ஆடற்பாட்டுக்களைத் தம் திருமண வீடுகளிற் காத்துவந்தனர். பைலா என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினின்று வந்ததாகும். ஆறு எண்ணிக்கை ஓர் அளவாகி, ஒன்றிலும் நான்கிலும் அடி விழும் துள்ளல் நடை அதனுடையது. நமது திஸ்ர நடையோடு அதற்கு நெருங்கிய உறவுண்டு. ஆதலின் தமிழ்ச் சொல் அதிலேறி அமர்தற்கு வருத்தமேதுமில்லை. கோயிலை இடித்தோர் விட்டுச்சென்ற தாளத்திலே கோயில் வீதிகளிற் பின்னர்த் தமிழ்ப் பாட்டொலித்தது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

சிங்களத்தில் வொலி பஸ்தியன் என்பார் பைலாவைப் பொதுமேடைக்கு உரியதாக்கினார். 1956இல் வெளிவந்த ஹரி பெலபொன்ரேயின் 'கலிப்சோ' இசைத்தட்டும், 1960இற் பாடத் தொடங்கிய பீற்றில்ஸ் குழுவின் புகழும், கித்தார் ஏந்திய சிறு குழுக்களை உலகெங்கும் தோற்றுவித்தன. 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவின் மூன்ஸ்ரோன்ஸ் குழு மின்கித்தாரோடு சிங்களத்திற் பாடலாயிற்று.

தமிழிளைஞரும் வாளா இருந்தாரல்லர். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' என்னும் பாட்டை எடுத்துக்கொள்வோம். மாமியிடம் மகளைப் பற்றி மருமகன் கேட்பதும், மாமி மறுமொழி சொல்வதுமாக அமைந்த உரையாடல் அது. சினிமாப் பாட்டின் பொதுத்தமிழ் அதிலில்லை. யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்திற் கேட்கும் பேச்சே உண்டு. வழுச்சொல் என்று இலக்கண ஆசிரியர் ஒதுக்கியதை அவர் மேடைக்குக் கொணர்ந்தார். அவர் பாட்டுக்களின் சிறப்பு மெட்டிலன்று, இத்துணிவிலேயே உள்ளது. ஏ. ஈ. மனோகரனோ சிங்களமுந் தமிழுங் கலந்து 'சுராங்கனி'யைப் பாடினார். இருமொழியாளரும் ஒருங்கே கைதட்டிய பாட்டு இந்நாட்டில் அரிது. அவ்வரிய பாட்டு மீனைப் பற்றியதாயிருந்தது நெய்தல் நிலத்தார்க்கு வியப்பன்று.

இவ்விருவரைக் கூறுவோர் திருகோணமலையை மறந்துவிடுதல் வழக்கம். அந்நகரத்துச் சகோதரரான பரமேஷ், கோணேஷ் என்போர் அமைத்த இசைக்குழு பைலாத் துள்ளலை விடுத்து, மெல்லிசைப் பாங்கில் தம் சொந்தப் பாட்டுக்களைப் பாடியது. பரமேஷின் பாட்டு, ஈழத்தில் வெளிவந்த தமிழ் இசைத்தட்டுக்களுள் மிக முற்பட்டவற்றுள் ஒன்று. பிற குழுக்கள் சினிமாப் பாட்டைப் பிசகாது ஒப்பித்தலையே பெருமையாகக் கொண்டிருந்த காலத்தில், தம் பெயரிலே தட்டு வெளியிடுதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

1967இற் கூட்டுத்தாபனமாகிய இலங்கை வானொலி இப்பாட்டுக்களைக் கடல் கடந்தும் கொண்டுசென்றது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது உள்நாட்டு எழுத்துக்கு எழுந்த ஊக்கம் இசைக்கும் ஒருவாறு துணைநின்றது. 1983 யூலைக் கலவரத்தின் பின் அச்சூழல் சிதைந்தது. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிலும் பரமேஷ் யேர்மனியிலும் வாழலாயினர். சென்னையிற் சிலோன் மனோகர் எனப் பெயர்பெற்ற மனோகரன் 2018இல் அங்கேயே காலமானார்.

சம்பூருக்கு இவ்விசை பெரும்பாலும் வானொலி வழியே வந்தது. 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நகருக்குச் செல்லும் தரைவழி நீர்த்துறையில் தடைப்பட்டிருந்தது. மூதூரிலிருந்து லாஞ்சியேறிக் குடாவைக் கடத்தலே எளிது. இசைக்குழுவை அழைப்பதாயின் கித்தாரும் மேளமும் ஒலிபெருக்கியும் அத்தனையும் தோணியிலோ லாஞ்சியிலோ ஏறியே வரல் வேண்டும். 2006இற் போரினால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மக்கள் பல ஆண்டுகள் முகாம்களில் உழன்றபின், 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே காணிகள் பல மீளக் கிடைத்தன. உயிர் தப்பி ஓடுவோர் உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுப்பர். இசைத்தட்டையும் பாட்டுக் கொப்பியையும் எடுப்பவர் யார்? எந்தத் திருவிழாவுக்கு எந்தக் குழு வந்தது, எந்தப் பாட்டை மறுமுறையும் பாடச்சொல்லி ஊரார் கேட்டனர் என்பவற்றை இன்று அறுபது கடந்தோரிடமே கேட்டறிதல் வேண்டும்.