கிட் இல்லாத ரேஸ் கார்

இந்த எபிசோட் ஒரு குட்டி கார் பத்தி. உள்ளங்கையில நிக்கும், எஞ்சின் ஓடாது, ஸ்டீயரிங் திரும்பாது. "பொம்மை"ன்னு சொன்னா ஸ்கேல் மாடல் செய்றவங்களுக்குக் கோபம் வரும். அதனால "மாடல்"னே சொல்றேன்.

ஒரு ரேஸ் காரை இருபத்து நாலுல ஒரு பங்கு அளவுக்குச் சின்னதாக்கி, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெயின்ட் அடிக்கிறதுதான் இந்த ஹாபி. இதுல என்ன வரலாறு இருக்குன்னு கேப்பீங்க. எந்தக் காருக்கு கிட் கிடைக்குது, எதுக்குக் கிடைக்கலன்னு பாத்தாலே ஒரு நாட்டோட மோட்டார் ரேஸ் வரலாறு யார் கையில இருக்குன்னு தெரிஞ்சிடும். அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

நீலம் யாருடையது?

முதல்ல பெயின்ட்லேர்ந்து ஆரம்பிக்கலாம். பழைய பிரெஞ்சு ரேஸ் கார்னா நீலம், இத்தாலின்னா சிவப்பு, இங்கிலாந்துன்னா பச்சை. ஃபெராரி ஏன் சிவப்பா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அந்த கம்பெனி பொறக்கறதுக்கு முன்னாடியே அந்தச் சிவப்பு இத்தாலிக்குச் சொந்தமாயிடுச்சு.

இதோட வேர் 1900ல இருக்கு. "நியூயார்க் ஹெரால்ட்" பத்திரிகையோட முதலாளி ஜேம்ஸ் கார்டன் பென்னட், நாடுகளுக்கு நடுவுல ஒரு கார் ரேஸ் நடத்தக் கோப்பை கொடுத்தார். முதல் பந்தயம் பாரிஸ்லேர்ந்து லியோன் வரைக்கும். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூணு கார். தூசி பறக்குற ரோட்டுல எந்தக் கார் யாரோடதுன்னு தெரியணும்ல? அதுக்காகத்தான் கலர். பிரான்ஸுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பெல்ஜியத்துக்கு மஞ்சள், அமெரிக்காவுக்குச் சிவப்பு. 1903ல பந்தயம் அயர்லாந்துல நடந்தப்போ பிரிட்டிஷ் கார்கள் பச்சையில வந்துச்சு. அதுதான் பின்னாடி "பிரிட்டிஷ் ரேசிங் கிரீன்" ஆச்சு. அமெரிக்காவோட சிவப்பு அப்புறம் இத்தாலி கைக்குப் போச்சு.

இன்னொரு விதியும் இருந்துச்சு. காரோட ஒவ்வொரு பாகமும் அந்தந்த நாட்டுலயே செஞ்சிருக்கணும். டயர்கூட விதிவிலக்கு இல்ல. இந்த விதியை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு வரும்.

1900ல நம்ம புதுச்சேரி யார் கையில இருந்துச்சு? பிரெஞ்சுக்காரங்க கையில. 1954 நவம்பர் 1 வரைக்கும் இங்க நிர்வாகம் அவங்களோடது. சட்டக் கணக்குப்படி பாத்தா அந்த நீலம் நமக்கும் சேர்த்துதான். ஆனா முத்தியால்பேட்டையில மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டிருந்த ஒருத்தருக்கு அதனால என்ன ஆச்சுன்னா, ஒண்ணும் ஆகல. கலர் மேலேர்ந்து வந்தது. கார் வரல.

கிட்டுங்கிறது ஒரு ஆவணம்

ஒரு நல்ல மாடல் கிட் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா அசந்து போவீங்க. ஜப்பான்ல இருக்கிற தமியா கம்பெனி முதல்ல மர வியாபாரம் பண்ணது. அப்புறம்தான் பிளாஸ்டிக்குக்கு வந்தாங்க. 1967ல ஹோண்டாவோட எஃப்1 காரை பன்னண்டுல ஒரு பங்கு அளவுல கொண்டு வந்தாங்க. 1976ல போர்ஷே 934. அந்த ஒரு மாடலுக்காக ஒரு நிஜ போர்ஷே 911 காரையே காசு கொடுத்து வாங்கி, போல்ட் போல்ட்டா கழட்டிப் பாத்தாங்க.

நான் வேலை செய்ற சாஃப்ட்வேர் உலகத்துல இதை ரிவர்ஸ் எஞ்சினியரிங்னு சொல்லுவோம். சோர்ஸ் கோடு இல்லாதப்போ, ஓடுற புரோகிராமைப் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிறது. தமியா செஞ்சது அதேதான். அதனால என்ன ஆச்சுன்னா, நாளைக்கு உலகத்துல அந்த மாதிரி கார் ஒண்ணுகூட மிஞ்சலைன்னாலும், அட்டைப்பெட்டிக்குள்ள அதோட அளவு இருக்கும், வயர் எங்க போகுதுன்னு இருக்கும், ஸ்டிக்கர் எந்தக் கதவுல எத்தனை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டணும்னு இருக்கும்.

ஒட்டுற டெக்கால்ல கூட வரலாறு இருக்கு. 1968லேர்ந்து ஸ்பான்சர் கம்பெனிகள் கலர் வந்து நாட்டு கலரை விரட்டிச்சு. லோட்டஸ் டீமோட பிரிட்டிஷ் பச்சை போயி, ஒரு சிகரெட் பாக்கெட்டோட சிவப்பு, வெள்ளை, தங்கம் வந்துச்சு. இன்னைக்கு நிறைய கிட்ல சிகரெட் பேரை எடுத்துட்டுத்தான் டெக்கால் தர்றாங்க. அந்த வெறும் இடமே ஒரு சட்டத்தோட கதையைச் சொல்லுது.

சோழவரத்து ஓடுதளம்

இப்போ நம்ம பக்கம் வருவோம். சென்னைக்கு வடக்க, செங்குன்றம் தாண்டினா சோழவரம். ரெண்டாம் உலகப் போர் காலத்துல அங்க ஒரு விமான ஓடுதளம் போட்டாங்க. போர் முடிஞ்சது, விமானம் போச்சு, கான்கிரீட் மட்டும் நின்னுச்சு. 1953ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சாங்க. ஓடுதளம் ரேஸ் டிராக் ஆச்சு.

ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர்னு தெருவுல ஓடுற கார்களையே பிரிச்சு, எடையைக் குறைச்சு, எஞ்சினைக் குடைஞ்சு ஓட்டினாங்க. பம்பாய், கல்கத்தாவிலேர்ந்து வந்தாங்க, இலங்கையிலேர்ந்தும் வந்தாங்க. வசதி உள்ளவங்க வெளிநாட்டு ரேஸ் காரையே இறக்கினாங்க. கோண்டல் மகாராஜா சர்ட்டீஸ் கார் ஓட்டினார். 1980களோட தொடக்கத்துல விஜய் மல்லையா ஒரு என்சைன் எஃப்1 காரை இதே சோழவரத்துல ஓட்டினார். பின்னாடி ஃபோர்ஸ் இந்தியா டீம் வச்சாரே, அதே மல்லையாதான்.

ஆனா மகாராஜாவும் மதுபான கம்பெனி முதலாளியும் மட்டும் ஓட்டினா அது விளையாட்டு ஆகாது. திறமை இருக்கிற பத்தொன்பது வயசுப் பையன் எதை ஓட்டுவான்? அந்தக் கேள்விக்குப் பதில் கோயம்புத்தூர்லேர்ந்து வந்துச்சு.

கரிவர்தன்

எஸ். கரிவர்தன். கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பம். அவரும் பணக்காரர்தான், அதை மறைக்க வேண்டாம். சோழவரத்துல ஓட்டினவர். ஆனா தனக்கு மட்டும் கார் செஞ்சுக்கிட்டதோட அவர் நிறுத்தல. மத்தவங்களும் ஓட்டுற மாதிரி கார் செஞ்சார்.

கோயம்புத்தூரோட பலம் என்ன? நூல் மில், பம்ப் செட், வார்ப்படப் பட்டறை, லேத். ஒரு டிராயிங் கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள கடைஞ்சு கொடுக்கிற ஆட்கள் இருந்த ஊர். 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. மூணு சிலிண்டர், 796 சிசி. சின்ன எஞ்சின், எடை குறைவு, உதிரிபாகம் எந்த ஊர்லயும் கிடைக்கும். அந்த எஞ்சினைத் தூக்கி டிரைவர் முதுகுக்குப் பின்னாடி வச்சு, இரும்புக் குழாய்ல சட்டகம் போட்டு, மேல ஃபைபர்கிளாஸ் மூடி, ஒத்தை சீட்டு ரேஸ் கார் ஒண்ணு செஞ்சார். 1980களோட கடைசியில அது ஒரு பந்தய வகையாவே ஆச்சு. பேர் ஃபார்முலா மாருதி.

கம்பெனியிலேர்ந்து வர்றப்போ அந்த எஞ்சினுக்கு நாப்பது குதிரைத்திறன்கூடக் கிடையாது. "இதெல்லாம் ரேஸ் காரா?"ன்னு சிரிக்கத் தோணும். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி கார்னு வந்துட்டா, யார் ஜெயிக்கிறாங்கிறதை அப்பாவோட பணம் முடிவு பண்றது குறையும், கையும் காலும் முடிவு பண்றது கூடும். 1900ல கார்டன் பென்னட் போட்ட விதி ஞாபகம் இருக்கா, எல்லா பாகமும் உள்நாட்டுலயே செய்யணும்னு? இங்க அப்படி விதி எதுவும் போடல. இறக்குமதிக்கு ஆகுற செலவு அந்த வேலையைப் பாத்துக்கிச்சு.

1990ல இருங்காட்டுக்கோட்டையில புது டிராக் திறந்தாங்க. அங்க ஃபார்முலா மாருதியில தன்னோட முதல் பந்தயத்துலயே மேடை ஏறின பையன், நாராயண் கார்த்திகேயன். அவரும் கோயம்புத்தூர். 1992ல பிரான்ஸ் போயி எல்ஃப் வின்ஃபீல்ட் ரேசிங் ஸ்கூல்ல ஓட்டி, அவங்க போட்டியோட அரையிறுதி வரைக்கும் வந்தார். திரும்பி வந்து மறுபடி ஃபார்முலா மாருதி. அப்புறம் இங்கிலாந்து, ஜப்பான்னு சுத்தி, 2005ல ஜோர்டான் டீமோட மஞ்சள் கார்ல எஃப்1 ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷலின் டயர் பாதுகாப்பு இல்லைன்னு பதினாலு கார் பந்தயத்துக்கு முன்னாடியே உள்ள போயிடுச்சு, மிச்சம் ஆறு கார்தான் ஓடுச்சு. நாராயண் நாலாவது. அஞ்சு பாயின்ட். ஆறுல நாலாவதுன்னு கிண்டல் பண்றவங்க இன்னும் இருக்காங்க. அந்த ஆறு பேர்ல ஒருத்தரா அங்க இருக்கிறதுக்கு என்னென்ன தாண்டி வரணும்னு யோசிச்சா கிண்டல் வராது.

கரிவர்தன் அதைப் பாக்கல. 1995ல ஒரு சின்ன விமான விபத்துல இறந்துட்டார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல இருக்கிற ரேஸ் டிராக்குக்கு அவர் பேர்தான், கரி மோட்டார் ஸ்பீட்வே.

அளவு எடுக்கிறது

ஜோர்டான் டீம் 1991ல ஓட்டின பச்சை காருக்கு தமியா கிட் இருக்கு. ஃபார்முலா மாருதிக்கு? நான் தேடின எந்தக் கடையிலும் இல்ல. சரி, நாமே செய்வோம்னு உக்காந்தேன். இதை ஸ்கிராட்ச் பில்ட்னு சொல்லுவாங்க. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, வளைச்சு, ஒட்டி, எல்லாத்தையும் பூஜ்யத்துலேர்ந்து செய்யணும்.

முதல் பிரச்சினை அளவு. ஒரே ஒரு பாகத்துக்குத்தான் துல்லியமான அளவு சுலபமா கிடைக்கும். எஞ்சின். வில்லியனூர் ரோட்டுல பழைய கார் பிரிக்கிற ஒரு ஷெட்டுக்கு வெர்னியர் காலிப்பரோட போனேன்.

"என்ன தம்பி, எஞ்சின் வேணுமா?"

"இல்லண்ணா, அளவு மட்டும் எடுத்துக்கிறேன்."

"அளவா? அதுக்கு எதுக்கு அது? நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேனே."

சொன்னார். சரியாவும் சொன்னார்.

மத்த எல்லாத்துக்கும் போட்டோதான் கதி. போட்டோவுல அளவு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஹெல்மெட். முகம் மூடுற ஹெல்மெட்டோட அகலம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். இருபத்து நாலுல ஒரு பங்குல அது சரியா ஒரு சென்டிமீட்டர். ஹெல்மெட்டுக்கு எத்தனை மடங்கு சக்கரம், எத்தனை மடங்கு மூக்குன்னு கணக்குப் போட்டுப் போட்டு வரைஞ்சேன். ஒரு நிஜ மாருதி 800ஐ இந்த அளவுக்குச் சுருக்கினா 14 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மியா வரும். என் காரை அது பக்கத்துல நிக்கிற மாதிரி கற்பனை பண்ணிக்கிட்டேதான் செஞ்சேன்.

உடம்பு முடிஞ்சதும் பட்டி பாக்கணும், காய வைக்கணும், உப்புத்தாள் போடணும். முதல்ல 400, அப்புறம் 800, கடைசியா தண்ணி தொட்டு 1500. இந்த வேலையில புதுச்சேரியோட வில்லன் கடல் காத்து. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல லாக்கர் பெயின்ட் அடிச்சா, காயுறப்போ ஈரம் மேல படிஞ்சு பால் ஊத்தின மாதிரி வெளுக்கும். அதனால பெயின்ட் வேலையைத் தை பொறந்தப்புறம் காலை பத்து மணி வெயில்ல வச்சுக்கிட்டேன். கலரையும் ரெண்டு சொட்டு வெள்ளை சேர்த்து வெளிரவே அடிக்கணும். நிஜ கார் கலரை அப்படியே சின்ன கார்ல அடிச்சா கண்ணுக்கு இருட்டாத் தெரியும்.

எந்தக் கலர்?

பிரைமர் சாம்பல் வரைக்கும் வந்தாச்சு. அடுத்து கலர். இங்கதான் நின்னு போச்சு. என் கையில இருக்கிற போட்டோவெல்லாம் கருப்பு வெள்ளை, பத்திரிகையில அச்சானது. புள்ளி புள்ளியா இருக்கு. ஒரு காரோட மூக்கு வெளிரா இருக்கு. அது மஞ்சளா, ஆகாச நீலமா, வெள்ளையா? வரலாறு முதல்ல தொலைக்கிற விஷயம் கலர்தான். பேர் மிஞ்சும், தேதி மிஞ்சும், யார் ஜெயிச்சாங்கன்னு மிஞ்சும். பக்கவாட்டுல ஓடின கோடு சிவப்பா பச்சையாங்கிறது, அதைப் பாத்தவங்களோட போயிடும்.

1900ல பாரிஸ்ல ஓடின காரோட கலர் நமக்குத் தெரியுது. முப்பத்து சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி, பஸ் பிடிச்சா மூணு மணி நேரத்துல போற இடத்துல ஓடின காரோட கலர் எனக்குத் தெரியல. அந்தக் காரை ஓட்டினவங்க, பழுது பாத்தவங்க, தகரக் கொட்டகையில நின்னு கை தட்டினவங்க பல பேர் இன்னைக்கு அறுபது, எழுபது வயசுல நம்ம நடுவுலயே இருக்காங்க.

அழகா இருக்கேன்னு ஒரு நீலத்தை அடிச்சிடலாம். யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா அப்படி அடிச்சா, நாளைக்கு அதை யாராவது போட்டோ எடுத்து, "ஃபார்முலா மாருதி இந்தக் கலர்ல இருந்துச்சு"ன்னு போடுவாங்க. பொய்க்கு நானே ஆவணம் செஞ்ச மாதிரி ஆயிடும்.

அதனால கார் சாம்பல் கலர்லயே அலமாரியில நிக்குது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். உங்க அப்பா, பெரியப்பா, தாத்தா, பக்கத்து வீட்டு மெக்கானிக் யாராவது சோழவரத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ ரேஸ் பாக்கப் போயிருக்காங்களான்னு கேளுங்க. பீரோவுக்கு அடியில பழைய ஆல்பம் இருந்தா எடுத்துப் பாருங்க. கலர் போட்டோ இருந்தா எனக்குச் சொல்லுங்க. போட்டோ இல்லைன்னாலும் பரவாயில்ல. அவங்க ஞாபகத்துல அந்தக் கார் என்ன கலர்னு கேட்டு, அவங்க குரல்லயே பதிவு பண்ணி வைங்க. அது எனக்கு வந்து சேரலைன்னாலும் உங்க வீட்டுல இருக்கட்டும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.