அறுத்தெடுத்த அடைமொழி



பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் அடைமொழி பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். செந்தாமரை என்னும்போது வரும் அடை இனமுள்ள அடை. வெண்டாமரையும் இருப்பதால், அதிலிருந்து இதனைப் பிரித்துக் காட்ட அது வந்தது. செஞ்ஞாயிறு என்பதில் வருவதோ இனமில்லாத அடை. ஞாயிறு ஒன்றே, பிரித்துக் காட்ட வேறொரு ஞாயிறு இல்லை. இவ்வாறு நான் விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, “சேர், அடைமொழி சேர்ந்தால் பெயருக்குப் பெருமை கூடுமா, குறையுமா?” என்று கேட்டான்.

இலக்கண நூல்களில் இக்கேள்விக்கு நேரான விடை இல்லை. ஆனால், அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வரலாற்றில் ஒரு விடை உண்டு. இன்று இல்லாது போய்விட்ட ஒரு தொழில்முறை அணியின் கதை அது.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே பணம் பெற்று ஆடும் அணிகள் தோன்றிவிட்டன. ஆனால், நிறவெறி மிகுந்திருந்த அந்நாட்டில் கறுப்பின ஆட்டக்காரருக்குப் பெரும்பாலான வாசல்கள் அடைத்தே கிடந்தன.

நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த ரொபர்ட் டக்ளஸ் தமக்கென ஒரு வாசலைத் திறந்தார். கிரிக்கெட் மூலம் நாம் நன்கறிந்த மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான சென் கிட்ஸில் 1882இல் பிறந்தவர் அவர். ஹார்லெமில் அப்போது ‘ரெனைசன்ஸ்’ என்ற பெயரில் ஒரு நடன மண்டபம் எழுந்திருந்தது. அதன் உரிமையாளரும் மேற்கிந்தியரே. டக்ளஸ் அவருடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். அணிக்கு மண்டபத்தின் பெயர். மண்டபத்தில் அணிக்கு ஆட இடம். இவ்வாறு 1923இல் பிறந்ததே ‘நியூயோர்க் ரெனைசன்ஸ்’. மக்கள் அதைச் செல்லமாக ‘ரென்ஸ்’ என்றனர். மறுமலர்ச்சி என்பது அப்பெயரின் பொருள். ஹார்லெமில் கறுப்பின எழுத்தாளரும் இசைவாணரும் புதியதொரு கலை எழுச்சியைத் தோற்றுவித்த காலமும் அதுவே.

நடனத்துக்காக மெழுகிய வழுவழுப்பான தரையிலேயே ஆட்டம் நடந்தது. ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் இசையும் நடனமும் தொடங்கும். அத்தரையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைவிட, கைக்குக் கை விரைந்து மாற்றுவதிலேயே ரென்ஸ் வீரர் பெயர் பெற்றனர்.

1925இல் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட லீக் தொடங்கப்பட்டபோது அவர்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. ஆகவே ஊர் ஊராகச் சென்று ஆடுவதே அவர்களின் பிழைப்பாயிற்று. 1932–33 பருவத்தில் 86 நாட்களில் தொடர்ந்து 88 ஆட்டங்களை அவர்கள் வென்றனர். அப்பருவம் முழுவதும் 120 வெற்றி, 8 தோல்வி மட்டுமே. எனினும், தம் ஆட்டத்துக்குக் கைதட்டிய ஊரிலேயே அவர்களுக்கு ஒருவேளை உணவு பரிமாற உணவகமோ, இரவு தங்க விடுதியோ பல வேளைகளில் கிடைக்கவில்லை. சாப்பாடும் உறக்கமும் பெரும்பாலும் பஸ்ஸிலேதான். படுக்க ஓர் இடம் தேடி, ஆடிய களைப்போடு நெடுந்தூரம் திரும்பிச் சென்ற இரவுகளும் பல.

1939 மார்ச்சில் சிக்காகோவில் முதலாவது உலகத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் போட்டி நடந்தது. வெள்ளையர் அணிகளும் கறுப்பினத்தவர் அணிகளும் ஒரே களத்தில் மோதின. இறுதியாட்டத்தில் வெள்ளையர் அணியான ஒஷ்கொஷ் ஓல் ஸ்டார்ஸை 34–25 என ரென்ஸ் வென்றது. மகிழ்ந்துபோன டக்ளஸ் வீரர்களுக்கு மேற்சட்டைகள் வழங்கினார். அவற்றின் முதுகில் ‘நிறத்தவர் உலக வாகையர்’ என்று ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தது.

ஜோன் ஐசாக்ஸ் என்ற இளம் வீரர் சவர அலகு ஒன்றை எடுத்து, ‘நிறத்தவர்’ என்ற சொல்லை மட்டும் அறுத்தெடுத்துவிட்டார். சட்டையைப் பாழாக்கிவிட்டாயே என்று டக்ளஸ் கடிந்தபோது, இல்லை, இப்போதுதான் அது திருந்தியது என்று விடையளித்ததாகப் பிற்காலத்தில் ஐசாக்ஸ் கூறியிருக்கிறார்.

டக்ளஸ் தீயவரல்லர். தம் மக்களுக்காகவே ஓர் அணியைக் கட்டி வளர்த்தவர். ஆயினும், உலகம் நெடுங்காலமாகச் சூட்டிவந்த அடை அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஐசாக்ஸ் கண்டதோ இலக்கணம் அறிந்தவர் காணும் பிழையை. எல்லோரும் ஆடிய போட்டியில் வாகையர் ஒருவரே. ஞாயிற்றைப் போல இனமில்லாத அப்பெயருக்கு இனமுள்ள அடையைச் சூட்டினால், உண்மையான வாகையர் வேறெங்கோ இருக்கின்றனர் என்றே பொருள்படும்.

வரலாறு அவ்வளவு எளிதில் திருந்திவிடவில்லை. 1948இல் ஜோர்ஜ் மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸிடம் அப்போட்டியின் இறுதியாட்டத்தில் 75–71 என ரென்ஸ் தோற்றது. அவ்வாண்டின் இறுதியில் தேசிய கூடைப்பந்தாட்ட லீக்கில் இடையிலே விலகிய ஓர் அணிக்குப் பதிலாக ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகர அணியாக அது சேர்க்கப்பட்டது. விலகிய அணியின் தோல்விக் கணக்கும் அதன் தலைமேல் விழுந்தது. 1949இல் இரு லீக்குகள் இணைந்து இன்றைய என்.பி.ஏ. உருவானபோது டேட்டன் ரென்ஸுக்கு இடமளிக்கப்படவில்லை. அத்துடன் அணி கலைந்தது. 2,588 வெற்றிகளும் 539 தோல்விகளும் அதன் கணக்கில் எஞ்சின. மறு ஆண்டே, 1950இல், என்.பி.ஏ. கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான நற் கிளிஃப்ற்றன் முன்னர் ரென்ஸில் ஆடியவர். கதவு திறந்தபோது, அதை நெடுங்காலம் தட்டிய அணி இல்லை.

1963இல் அவ்வணியும், 1972இல் டக்ளஸும் கூடைப்பந்தாட்டப் புகழரங்கில் இடம்பெற்றனர். ஐசாக்ஸ் 2009இல் மறைந்தார். அவருக்கு அந்த இடம் 2015இலேயே கிடைத்தது. ரெனைசன்ஸ் மண்டபம் இடிக்கப்பட்டதும் அதே 2015இல்தான்.

என் மாணவனுக்கு மறுநாள் இக்கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியென்றால் சேர், அடையைச் சூட்டுபவர் எதைப் பிரிக்க நினைக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்” என்றான். அதையே அன்றைய பாடக் குறிப்பின் கடைசி வரியாக எழுதிக்கொண்டேன்.